விற்காத மீன்

தம்பி,

உன் கடிதம் வந்தது. பத்திரிகையிலிருந்து கத்தரித்து நீ அனுப்பியிருந்த படமும் வந்தது. பிடிபட்ட அன்னியக் கப்பலின் மேல்தட்டில் அதிகாரிகளோடு நீயும் நிற்கிறாய். முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஊரையே விலைக்கு வாங்கியதுபோல் நிற்கும் அந்தத் தோரணையை வைத்து உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன். அது உன் மாமாவின் தோரணை. உன் அப்பா அந்தப் படத்தைத் தன் ஆபீசுக்கு எடுத்துப்போய் எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தார். நானும் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்களிடம் காட்டியிருக்கலாம். மனசு வரவில்லை. நலம் விசாரித்து நாலு வரி, கல்யாண வேலைகளைப் பற்றி நாலு வரி, அதோடு முடித்துக்கொள் என்றுதான் அப்பா சொன்னார். "அவன் பெரிய எடத்துல இருக்கான். இப்பப் போயி பழசக் கிண்டாத" என்றார். எதையும் கல்யாணம் முடியட்டும், தீபாவளி போகட்டும் என்று தள்ளி வைத்தே தலை நரைத்தவர் அவர். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. உனக்கே தெரியும்.

நீ எழுதியிருப்பதை இரண்டு தரம் படித்தேன். கரையிலிருந்து இருநூறு மைல்வரை கடலில் இருக்கும் மீன் நம் தேசத்துக்குச் சொந்தம் என்று சட்டம் வந்துவிட்டது, அதற்குள் வந்து மீன் பிடிக்கும் அன்னியக் கப்பல்களை மடக்கி வழக்குப் போடுவதுதான் உங்கள் ஆபீசின் வேலை என்று விளக்கியிருக்கிறாய். அந்தக் கப்பல்காரர்கள் கடலடியை வழித்து எடுக்கிறார்கள், மீன்குஞ்சைக்கூட விடுவதில்லை, இப்படியே விட்டால் நாளைக்கு யாருக்கும் மீன் மிஞ்சாது என்றும் எழுதியிருக்கிறாய். அத்தனையும் நியாயம். அவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். நான் பூகோளம் சொல்லிக் கொடுப்பவள். வகுப்பில் தொங்கும் படத்தில் கடல் முழுக்க ஒரே நீலம். நான் படித்த நாளிலும் அப்படித்தான். அந்த நீலத்துக்குள் இன்று தேசத்துக்குத் தேசம் கோடு போட்டுக்கொள்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னபோது, என் மகன் அந்தக் கோட்டுக்குக் காவல் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரத்தான் செய்தது. அது உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்கும்வரைதான்.

கடைசிப் பக்கத்தில் என்ன எழுதினாய் என்பது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. அடுத்து வெளிநாட்டில் ஒரு கூட்டம் இருக்கிறது, கோடு போடுவதற்கு முன்னாலிருந்தே அங்கும் இங்கும் போய்த் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்து வந்த சின்னப் படகுக்காரர்களை என்ன செய்வது என்று அங்கே பேசப் போகிறார்கள், அதற்குக் குறிப்பு எழுதும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்று எழுதினாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'நம் கண்மாய் வழக்கில் நான் எடுத்த அதே வாதம் இங்கேயும் கை கொடுக்கிறதம்மா, பழக்கம் வேறு, உரிமை வேறு' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாய். அதற்குக் கீழேயே, கல்யாணத்தில் மாமா கையால்தான் மாலை போட்டுக்கொள்வேன், நீதான் பேசி அழைத்து வர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே பேனாவில் எப்படி ராசா எழுத முடிந்தது? எனக்குக் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. இப்போது இரண்டும் அடங்கிவிட்டன. கசப்பு மட்டும் இருக்கிறது. அதனால்தான் நிதானமாக எழுதுகிறேன்.

அந்தக் கண்மாயை உனக்குக் கோர்ட்டுக் கட்டு அறிமுகப்படுத்தவில்லை. திருவாதவூருக்குக் கிழக்கே நான் பிறந்த ஊரில் பங்குனி பிறந்து, அறுப்பெல்லாம் முடிந்து, தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியபின் ஒரு நாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டு ஊர்ச்சனம் எல்லாம் கரையில் வந்து நிற்கும். கையில் வலையும், மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையும் இருக்கும். உன் மாமா கரையில் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். துண்டு இறங்கியதும் சனம் இறங்கும். என் அண்ணனைப் பற்றி எனக்கு ஒன்றும் மயக்கம் கிடையாது. வாய் நீளம், வீறாப்பு அதிகம், மீசைக்கு மை போடுகிறவர், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் கண்டக்டரோடு சண்டைக்குப் போகிறவர். துண்டு வீசும் அந்த ஒரு நாளுக்காகவே வருஷம் பூராவும் உயிரோடு இருப்பதுபோல் நடந்துகொள்வார். அன்றைக்குப் பிடிக்கும் மீனை யாரும் விற்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. விற்றால் மழை பொய்க்கும் என்பார்கள். அன்று சாயங்காலமே குழம்பு வைத்துவிட வேண்டும், இறங்க ஆளில்லாத வீட்டுக்கும் பங்கு போய்விட வேண்டும்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தச் சேற்றில் விழுந்து புரண்டு உன் கையாலேயே ஒரு விராலைப் பிடித்தாய். பிடித்ததும் வீட்டுக்கு வரவில்லை. நேரே ரோட்டுக்கு ஓடிச் சைக்கிளில் நின்ற குச்சி ஐஸ்காரனிடம் மீனைக் கொடுத்துவிட்டு இரண்டு கையிலும் ஐஸோடு வந்தாய். மாமா உன்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவுமில்லை. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர்வரை நடந்துபோய், ஐஸ்காரனுக்குக் காசு கொடுத்து, மீனைத் திரும்ப வாங்கி வந்தார். "நம்ம கம்மா மீனுக்கு வெல கெடையாது மாப்ள" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம். நீதான் வந்து என்னிடம் சொன்னாய். வாயெல்லாம் சேமியா ஐஸ் ஒட்டியிருந்தது. இதை உனக்கு ஏன் ஞாபகப்படுத்துகிறேன் என்றால், கூண்டில் ஏறி நின்றவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே உனக்குப் பதில் தெரியும். தெரிந்துதான் கேட்டாய்.

நீ வக்கீலான பிறகு ஒரு வருஷம் கண்மாய் மீனைச் சர்க்காரில் ஏலத்தில் விட்டார்கள். டவுன்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்தார். அந்தப் பங்குனியில் வழக்கம்போல் மாமா துண்டு வீச, வழக்கம்போல் சனம் இறங்க, குத்தகைக்காரர் போலீசோடு வந்து நின்றார். திருட்டு மீன் பிடிக்கிறார்கள் என்று ஊத்தாவையெல்லாம் ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஊரார் இனிமேல் இறங்கக் கூடாது என்று குத்தகைக்காரர் கோர்ட்டில் கேட்டார். அவருடைய வக்கீலிடம் நீ ஜூனியர். வேறு ஜூனியரும் அந்த ஆபீசில் இருந்தான். எனக்கு இந்த வழக்கு வேண்டாம், அந்த ஊர் என் தாய்மாமன் ஊர் என்று நீ சொல்லியிருந்தால் அவர் ஒன்றும் உன்னைக் கடித்துத் தின்றிருக்க மாட்டார். கேட்டதற்கு, "தொழில் வேறம்மா, சொந்தம் வேற" என்றாய். அன்றைக்கும் உனக்கு அது வேறு, இது வேறுதான். கூண்டில் உங்களைக் கேள்வி கேட்கப் போவது அவன்தான் என்று மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "நம்ம புள்ளதான தாயி கேக்கப் போறான். பொய்யச் சொல்லச் சொல்லியா கேப்பான். உண்மையத்தான கேப்பான். கேக்கட்டும்" என்றார்.

நானும் அன்று கோர்ட்டுக்கு வந்திருந்தேன். கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக நீ எழுந்து நின்றபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? பிடித்த மீனை விற்பீர்களா என்று கேட்டாய். மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "என்ன மாப்ள இப்பிடிக் கேட்டுப்புட்ட. விக்கிறதாவது. எங்க பாட்டன் காலத்துலருந்து ஒரு கெண்டக்குஞ்சக்கூட வித்ததில்ல" என்றார். கோர்ட்டில் மாப்பிள்ளை என்றெல்லாம் கூப்பிடக் கூடாது என்று நீதிபதி சொன்னார். "சரிங்கய்யா. வக்கீலய்யா, விக்க மாட்டோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மீன் பிடிக்காவிட்டாலும் உங்கள் வீட்டு அடுப்பு எரியும் அல்லவா என்று அடுத்துக் கேட்டாய். அந்த மனிதரிடம் போய் அதைக் கேட்டால் வேறு என்ன சொல்வார்? "எரியாம என்னங்கய்யா. வெள்ளாம இருக்கு, மாடு கன்னு இருக்கு. மீன வித்தா நாங்க கஞ்சி குடிக்கிறோம்?" என்றார். அப்படியானால் அந்த மீன்பிடி சந்தோஷத்துக்காக நடப்பதுதானே என்றாய். "ஆமாங்கய்யா, சந்தோசந்தான். அன்னைக்கி அம்புட்டு சனமும் சந்தோசமா இருக்கும்" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு நீ உட்கார்ந்துகொண்டாய்.

வெளியே வந்ததும் அவர் செய்ததை நீ மறந்திருக்க முடியாது. உன் தோளில் கை போட்டு, "பயப்படாம கேட்ட மாப்ள, குரல் நல்லா எடுத்துருச்சு" என்றார். நம் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். தான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். ஊரின் பெருமையைச் சபையில் சொல்லிவிட்டோம், பெற்ற பிள்ளை மாதிரி நாம் வளர்த்த மருமகனே தன் வாயால் கேட்டுச் சொல்ல வைத்துவிட்டான் என்று அவருக்கு நினைப்பு. நீ அந்தக் காபியைக் குடித்தாய். தீர்ப்பு வந்த அன்று அதைத் தமிழில் படித்துச் சொல்ல ஊரில் ஆள் இல்லையென்று என்னிடம் கொண்டுவந்தார்கள். ஊரார் பிழைப்புக்காக மீன் பிடிக்கவில்லை, அவர்கள் தரப்புச் சாட்சியே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார், இது ஒரு திருவிழா, உரிமை அல்ல, குத்தகைக்காரர் சம்மதித்தால் வருஷத்துக்கு ஒரு நாள் விழாவை நடத்திக்கொள்ளலாம் என்று நான்தான் என் வாயால் படித்தேன். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். "வித்திருந்தா நம்மளுதுன்னு எழுதியிருப்பாகளா தாயி?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார். நான் ஆமாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

நான் கேட்காவிட்டால் சீனியர் கேட்டிருப்பார் என்று நீ என்னிடம் சொன்னாய். கேட்டிருக்க மாட்டார் தம்பி. அவருக்கு என்ன தெரியும்? பட்டா இருக்கிறதா, ரசீது இருக்கிறதா என்றுதான் அவர் கேட்டிருப்பார். அண்ணனும் கத்தித் தீர்த்திருப்பார். எந்த இடத்தில் தொட்டால் அந்த மனிதர் பெருமையில் பூரித்து உண்மையைக் கொட்டுவார் என்பது தோளில் ஏறிப் போன உனக்குத்தான் தெரியும்.

இனி எழுதப் போவது நீ டெல்லிக்கு ரயிலேறிய பிறகு நடந்தது. உனக்கு எழுத வேண்டாம் என்று அப்பா தடுத்திருந்தார். அந்தத் தை மாதம், கதிர் பால் பிடித்து நிற்கிற நேரம், இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் விளைந்துவிடும் என்கிற நேரம். குத்தகைக்காரர் மடையைத் திறந்துவிட்டார். தண்ணீர் இருந்தால் மீனை அரித்தெடுக்க முடியாதாம். வெளியூரில் விலை நன்றாக இருந்ததாம். கண்மாய்த் தண்ணீர் ஓடையில் ஓடி வீணாகப் போனது. கொசுவலை மாதிரிக் கண் உள்ள வலையைப் போட்டு, நீ கப்பல்காரர்களைப் பற்றி எழுதியிருக்கிறாயே, குஞ்சைக்கூட விடுவதில்லை என்று, அதேபோல் வழித்து எடுத்து, லாரியில் ஐஸ் போட்டு அனுப்பிவிட்டார். வயல் பதராகிப் போனது. உன் மாமா வயலும்தான். ஊரார் ஓடிப்போய்க் கேட்டபோது குத்தகைக்காரர் தீர்ப்பு நகலை எடுத்து நீட்டினார். அதில் உன் கேள்வியும் அண்ணன் பதிலும் இருந்தன.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. விற்றால் மழை பொய்க்கும் என்று சொன்னவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. அண்ணனைக் கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வார், இரண்டு கெட்ட வார்த்தையும் சேர்த்துக்கொள்வார். ஆனால் விலை என்று ஒன்று வந்துவிட்டால் எவனாவது ஒருவன் அறுப்புக்கு முன்னால் மடையில் கை வைப்பான் என்பது அந்தக் கட்டுக்குள் இருந்திருக்கிறது. பயிர் முடிகிறவரை மீன் காத்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மீனுக்கு விலை இல்லை. நீ விற்பீர்களா என்று கேட்டாயே, ஏன் விற்பதில்லை என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தால் அண்ணன் உளறியிருப்பார்தான். ஆனாலும் நீதிபதிக்குத் தோன்றியிருக்கலாம், எனக்குத் தோன்றியிருக்கலாம், உனக்கே தோன்றியிருக்கலாம். உனக்கு வேண்டிய பதில் வந்ததும் நீ உட்கார்ந்துகொண்டாய். இந்த ஒன்றைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பங்குனியில் குத்தகைக்காரர் பெரிய மனசு பண்ணி அனுமதி கொடுத்தார். வெறும் சேறாகக் கிடந்த கண்மாயில் இறங்கி விழாக் கொண்டாடிக்கொள்ளலாம் என்றார். சனம் வந்து கரையில் நின்றது. அண்ணன் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவே இல்லை. கடைசியில் குத்தகைக்காரரின் ஆள் ஒருவன் தன் துண்டை எடுத்து வீசினான். பிள்ளைகள் மட்டும் இறங்கி நண்டு பிடித்தார்கள்.

நீ கடலுக்கு எழுதப் போகும் குறிப்பும் இப்படித்தான் இருக்கப் போகிறதா? கச்சத்தீவு விஷயத்தில் என்ன சொன்னார்கள் என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே போய் வலையை உலர்த்தலாம், அந்தோணியார் திருவிழாவுக்குப் போகலாம் என்றார்கள். பிறகு அந்தப் பக்கம் மீன் பிடிக்கக் கூடாது என்றார்கள். நனையாத வலையை எதற்கு உலர்த்துவது என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டது. ராமேஸ்வரத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளை. திருவிழாவைக் கொடுத்து உரிமையை எடுத்துக்கொள்வது உங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை போலிருக்கிறது. அதற்கு என் வயிற்றில் பிறந்தவன் வாதம் எழுதித் தருகிறான் என்றால் அந்தப் படத்தை நான் யாரிடம் காட்டுவேன்?

அந்தக் கப்பல்காரனைப் பிடி. ஈவு இரக்கம் பார்க்காதே. அவன் கையில் ஏதாவது ஒரு தேசத்துக் காகிதம் இருக்கும், அவனுக்கு வக்கீலும் இருப்பான். காகிதம் வைத்திருக்கிறவனெல்லாம் காப்பாற்றுகிறவன் இல்லை என்பதைக் குத்தகைக்காரரிடம் நாங்கள் பார்த்துவிட்டோம். ஆனால் படகில் தாத்தா போன வழியே போய் வருகிறவனை அதே வலையில் போட்டு அள்ளாதே. குறிப்பை எழுதுவதற்கு முன் ஒரு தரம் அவன் கரையில் போய் உட்கார். எந்த மாதம் போவான், எந்த மாதம் போக மாட்டான் என்று கேள். ஏன் போக மாட்டாய் என்றும் கேள். அவன் சாமியைச் சொல்வான், சகுனத்தைச் சொல்வான், உனக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடாமல், இன்னும் ஒரு கேள்வி கேள். இதற்கு மேல் உனக்குப் புத்தி சொல்ல எனக்குச் சட்டம் தெரியாது.

நீ கேட்டுக்கொண்டபடி போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் வந்தேன். அண்ணன் வாசலிலேயே இருந்தார். மீசைக்கு மை போடுவதை விட்டுவிட்டார். கல்யாணப் பத்திரிகையையும் நீ அனுப்பிய படத்தையும் வைத்தேன். வாங்கிப் பார்த்தார். உன் கல்யாணத் தேதியைச் சொன்னேன், மாமா கை மாலைதான் வேண்டும் என்று அவன் எழுதியிருக்கிறான் என்றேன். தாய்மாமன் இல்லாமல் மணவறையில் உட்கார வைத்தால் ஊர் என்னைக் கேட்கும் என்றும் சொல்லிப் பார்த்தேன். கோபப்படுவார், கத்துவார், கடைசியில் ஒத்துக்கொள்வார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் கத்தவில்லை. உன் படத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

"வாரேன்னு எழுதிரு தாயி. பட்டுவேட்டி எடுத்துட்டு வாரேன், மாலையும் போடுறேன். திருவிழாவுக்கு வாரவனாட்டம் வந்துட்டுப் போறேன். உரிமைன்னு மட்டும் கேக்க மாட்டேன்னு மாப்ளகிட்டச் சொல்லிரு" என்றார்.

சொல்லிவிட்டேன்.

உன் அம்மா